வெங்கட் படத்துக்குக் கீழே ஒரு காலி இடம்

கோடைக்காலத்துல ஆக்லாந்துக்கும் சென்னைக்கும் ஏழரை மணி நேர வித்தியாசம். ஏழரைன்னு சொன்னதுமே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும், வீட்டுலேர்ந்து போன் வந்தா என்ன நடக்கும்னு. போன வாரம் சித்தப்பா கூப்பிட்டப்போ இங்கே ராத்திரி பன்னிரண்டு மணி. அங்கே சாயங்காலம் நாலரை, மனுஷன் டீயை உறிஞ்சிக்கிட்டே பேசறார். விஷயம் தாத்தாவோட கிரிக்கெட் புக்கு. பேச்சு சண்டையில போய் முடிஞ்சுது. அந்தச் சண்டையில நான் பாதிதான் ஜெயிச்சேன், மீதியை இங்கே கொட்டிடறேன்.

கொசுவர்த்தி கொஞ்சம் சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

1965 பிப்ரவரி 27-ம் தேதி மெட்ராஸ்ல இந்தியா – நியூசிலாந்து முதல் டெஸ்ட் தொடங்கிச்சு. சேப்பாக்கத்துல இல்லை. அந்தக் காலகட்டத்துல சில வருஷம் டெஸ்ட் எல்லாம் சென்ட்ரல் பக்கத்துல இருக்கற கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துலதான் (பின்னாடி அதுக்கு நேரு ஸ்டேடியம்னு பேர்). தாத்தாவுக்கு அப்போ இருபத்து நாலு வயசு, ஹார்பர்ல கிளார்க். நாலு நாள் மேட்ச். ஆமாங்க, அந்த சீரிஸ்ல ஒவ்வொரு டெஸ்டும் நாலே நாள். மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய், டெல்லின்னு நாலு டெஸ்டை நாலு வாரம் முடியறதுக்குள்ள ஆடி முடிச்சாங்க. தாத்தா நாலு நாளும் லீவு போட்டுட்டுப் போனார். பாட்டி இன்னிக்கும் அந்த லீவைப் பத்திப் பேசுவாங்க, அது வேற கதை.

அங்கே வாங்கினதுதான் அந்த சுவனீர். பிஸ்கட் விளம்பரம், டயர் விளம்பரம், பேங்க் விளம்பரம், நடுநடுவுல ரெண்டு டீம் ஆட்டக்காரங்களோட படம். பின் துருப்பிடிச்சு அந்தத் துரு ரெண்டு பக்கத்துக்கு இறங்கியிருக்கு. அதுல ரெண்டு கையெழுத்து இருக்கு. ஒண்ணு ஜான் ரீட், நியூசிலாந்து கேப்டன். இன்னொண்ணு பெர்ட் சட்கிளிஃப். ரெண்டும் தாத்தாவோட சொந்தப் பேனாவுல, நீலக்கருப்பு இங்க்ல. ரீட் அழுத்திப் போட்டதுல நிப்பு வளைஞ்சுதுன்னு தாத்தா பெருமையா சொல்வார். பேனா கெட்டதுல அப்படி ஒரு சந்தோஷம்.

நான் படிக்க ஆக்லாந்து வரப்போ பெட்டியில ஊறுகாய்க்கும் ஸ்வெட்டருக்கும் நடுவுல அந்தப் புத்தகத்தையும் வெச்சுக்கிட்டு வந்தேன். காரணம் சின்னதுதான். ரீட், சட்கிளிஃப் ரெண்டு பேருமே பிறந்தது இந்த ஊர்ல. சட்கிளிஃப் பான்சன்பில பிறந்தவர். ரீட் இங்கே பிறந்து வெலிங்டன்ல வளர்ந்தவர். கையெழுத்தை அதோட சொந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்னு ஒரு நினைப்பு. தாத்தா இருந்திருந்தா சிரிச்சிருப்பார்.

இப்போ நான் இருக்கறது தகனினியில. டவுன்லேர்ந்து தெற்கே, ரயில்ல ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1863-ல இங்கிலீஷ்காரங்க பிடிச்சுட்டுப் போய் ஒரு தீவுல அடைச்சு வெச்ச இஹாகா தகனினிங்கற மாவோரித் தலைவரோட பேர்தான் ஊர்ப்பேர். இன்னிக்கு ஊருக்கு அடையாளம் பெரிய குருத்வாரா. ஞாயித்துக்கிழமை சமைக்கச் சோம்பலா இருந்தா நேரா லங்கர்ல போய் உட்கார்ந்துடுவேன். என் ரூம்மேட் ஜலந்தர் பக்கம். ஹாக்கி, கபடி, கிரிக்கெட்னு எதையும் விட்டு வைக்க மாட்டான். நவம்பர்ல புரூஸ் புல்மன் பார்க்ல சீக்கியர் விளையாட்டுப் போட்டி நடந்தா ஆளை ரெண்டு நாளைக்கு வீட்டுல பார்க்க முடியாது. அவன்தான் முதல்ல பத்த வெச்சான். "பாய், இதுல ரச்சின் ரவீந்திரா கையெழுத்து ஒண்ணு வாங்கிடு. ரெண்டு பழசு, ஒண்ணு புதுசு. செம வேல்யூ ஆயிடும்." நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா அதை விளையாட்டா வீட்டுல சொல்லப்போக, சித்தப்பா அதைப் பிடிச்சுக்கிட்டார்.

ரச்சின் எல்லாம் வேண்டாம்டா, வெங்கட்ராகவன் கிட்ட வாங்கணும், அதுதான் முறைங்கறார்.

யோசிச்சுப் பார்த்தா சித்தப்பா சொல்றதுல அர்த்தம் இருக்கு. அந்த மெட்ராஸ் டெஸ்ட்தான் எஸ். வெங்கட்ராகவனோட முதல் டெஸ்ட். சுவனீர்ல அவர் படம் இருக்கு, ஓரமா, ஸ்டாம்பை விடக் கொஞ்சம் பெருசா. கீழே வெள்ளையா இடம். "அந்த இடத்துல அவரே கையெழுத்துப் போட்டா புக்கு முழுசாயிடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மூலமா கேட்டுப் பார்க்கலாம். நீ லீவுல வரப்போ எடுத்துட்டு வா." இதுதான் சித்தப்பாவோட திட்டம். நான் வேண்டாம்னேன். ஏன் வேண்டாம்னு அந்த ராத்திரியில எனக்குச் சரியா சொல்லத் தெரியலை. அதுக்கப்புறம் ஒரு வாரம் இதே நினைப்புதான். (தீசிஸ் கைடு இதைப் படிக்க மாட்டார்ங்கற தைரியத்துல சொல்றேன்.)

முதல்ல, இந்த ரெண்டு கையெழுத்துக்காரங்க யாருன்னு தெரிஞ்சாதான் மிச்சம் விளங்கும்.

1955 மார்ச் 28, ஆக்லாந்து ஈடன் பார்க். இங்கிலாந்துக்கு எதிரா ரெண்டாவது இன்னிங்ஸ்ல நியூசிலாந்து 26 ரன்னுக்கு ஆல் அவுட். டெஸ்ட் சரித்திரத்துலயே குறைஞ்ச ஸ்கோர். 2025 ஜூலையில கிங்ஸ்டன்ல வெஸ்ட் இண்டீஸ் 27-க்குச் சுருண்டப்போ இந்த ஊர்க்காரங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தாங்க, ஒரே ஒரு ரன்ல அந்த அவமானம் கைமாறாமப் போச்சு. அந்த 26-ல இரட்டை இலக்கம் எடுத்தவர் ஒரே ஒருத்தர், சட்கிளிஃப், 11. ரீடும் அந்த டீம்ல இருந்தார். அடுத்த வருஷம் 1956 மார்ச் 13, அதே ஈடன் பார்க். வெஸ்ட் இண்டீஸை 190 ரன் வித்தியாசத்துல தோற்கடிச்சு நியூசிலாந்து தன்னோட முதல் டெஸ்ட் வெற்றியைப் பார்த்துச்சு. டெஸ்ட் ஆட ஆரம்பிச்சு 26 வருஷம் கழிச்சு! கேப்டன் ரீட். அவங்களோட முதல் மூணு டெஸ்ட் வெற்றிக்கும் கேப்டன் அவர்தான்.

சட்கிளிஃப் கதை இதை விடப் பெருசு. 1953 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி டாங்கிவாயில பாலம் அடிச்சுட்டுப் போய் ரயில் ஆத்துல விழுந்து 151 பேர் செத்துப் போனாங்க. அப்போ நியூசிலாந்து டீம் ஜோகன்னஸ்பர்க்ல. வேகப் பந்து வீச்சாளர் பாப் பிளேர் கல்யாணம் பண்ணிக்க இருந்த பொண்ணும் அந்த ரயில்ல போயிட்டாங்க. அவர் ஆட வரமாட்டார்னு அறிவிச்சு, கிரவுண்டுல கொடியை அரைக்கம்பத்துல இறக்கியிருந்தாங்க. ஆட்டத்துல ஏட்காக் போட்ட பந்து சட்கிளிஃப் தலையில பட்டு ஆஸ்பத்திரி போய், தலையைச் சுத்திக் கட்டோட திரும்பி வந்து சிக்ஸரா அடிச்சுட்டு இருக்கார். ஒன்பதாவது விக்கெட் விழுந்துச்சு, ஆட்டம் முடிஞ்சுதுன்னு எல்லாரும் கிளம்பப் பார்க்கறாங்க. பெவிலியன்லேர்ந்து பிளேர் பேட்டோட இறங்கி வரார். மொத்த கிரவுண்டும் எழுந்து நிக்குது. பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் சேர்ந்து 33 ரன். சட்கிளிஃப் 80 நாட் அவுட். மேட்ச் தோத்துட்டாங்க, ஆனா இங்கே பள்ளிக்கூடப் பசங்களுக்குக்கூட இந்தக் கதை தெரியும்.

அப்பேர்ப்பட்ட ஆளு ரிட்டயர் ஆகி, நாப்பது வயசு தாண்டினப்புறம் திரும்ப வந்து ஆடின டூர்தான் 1965. மெட்ராஸுக்கு அடுத்த கல்கத்தா டெஸ்ட்ல 151 நாட் அவுட் வேற. தாத்தா ஓட்டல் வாசல்ல காத்துக்கிட்டு இருந்தது இவங்களுக்காக. யாருக்காகக் காத்திருக்கணும்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருந்துது.

அப்போ வெங்கட்?

அங்கேதான் எனக்குப் பொறி தட்டிச்சு. 1965 பிப்ரவரியில வெங்கட்ராகவனுக்கு 19 வயசு. எஞ்சினியரிங் படிக்கற காலேஜ் பையன். அந்த மாசம் மெட்ராஸ் எப்படி இருந்துச்சுன்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி கடைசியில வெடிச்ச இந்தி எதிர்ப்புப் போராட்டம், மாணவர் ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு, மூடின காலேஜ்கள். அது அடங்கி ரெண்டு வாரம் ஆகியிருக்காது, அதுக்குள்ள டெஸ்ட் மேட்ச். சுவனீரைப் புரட்டிப் பார்த்தா அந்த வாசனையே கிடையாது, முழுக்க இங்கிலீஷ், முழுக்க டயரும் பிஸ்கட்டும். அந்த ஊர்ல, அந்த மாசம், ஒரு காலேஜ் பையன் டெஸ்ட் ஆட வரான். தாத்தாகிட்ட ஒருதரம் கேட்டிருக்கேன், ஏன் தாத்தா நம்ம ஊர்க்காரர் கையெழுத்தை விட்டுட்டேன்னு. "கேட்கணும்னே தோணலைடா. புதுப் பையன். நாளைக்கு இருப்பானோ மாட்டானோ"ன்னார்.

மூணு வாரம் கழிச்சு டெல்லி டெஸ்ட். மார்ச் 19 தொடங்கி 22 வரைக்கும். முதல் இன்னிங்ஸ்ல 72 ரன்னுக்கு 8 விக்கெட், ரெண்டாவதுல 80-க்கு 4. மொத்தம் பன்னிரண்டு. இந்தியா ஜெயிச்சு சீரிஸையும் 1-0ன்னு எடுத்துச்சு. அதுக்கப்புறம் மெட்ராஸ்ல எந்த ரசிகனாவது அந்தப் பையன்கிட்ட கையெழுத்து கேட்காம இருந்திருப்பானா?

ஆக அந்தக் காலி இடம் சும்மா காலி இல்லைங்க. பிப்ரவரி 27-க்கும் மார்ச் 22-க்கும் நடுவுல இருந்த ஒரு மூணு வாரம் அது. மெட்ராஸ் தன்னோட பையனை இன்னும் கண்டுபிடிக்காத மூணு வாரம். எந்த ஸ்கோர்போர்டுலயும் அது பதிவாகலை. எந்தப் பேப்பரும் "இந்தப் பையன்கிட்ட யாரும் ஆட்டோகிராப் கேட்கவில்லை"ன்னு செய்தி போடாது. இந்த ஒரு சுவனீர்ல, இந்த ஒரு வெள்ளை இடத்துலதான் அது இருக்கு. இப்போ அதுல ஒரு கையெழுத்தை வாங்கிட்டா, நாளைக்கு என் பேரனோ பேத்தியோ பார்க்கறப்போ என்ன நினைப்பாங்க? "கொள்ளுத்தாத்தா பயங்கர ஆளு, முதல் டெஸ்ட்லயே வெங்கட்டை அடையாளம் கண்டுபிடிச்சுட்டார்"னு நினைப்பாங்க. அது பொய். யாரும் பொய் சொல்லாமலே உருவாகிற பொய்.

இதைத்தான் சித்தப்பாகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலை. "வேண்டாம்னா வேண்டாம்"னுதான் சொன்னேன்.

ஆனா எதிர்க்கட்சி வாதத்தையும் நேர்மையா பார்க்கணும் இல்லையா. இதுல நிறையப் பேர் நிறையப் பணம் புழங்கற உலகமே இருக்கு. அமெரிக்காவுல பழைய பேஸ்பால் அட்டையில கிறுக்கல் இருந்தா மதிப்பு போச்சும்பாங்க ஒரு காலத்துல. இப்போ அந்த ஆட்டக்காரரே வயசான காலத்துல போட்ட கையெழுத்துன்னா அதைத் தேடி வாங்கறவங்க இருக்காங்க. தரம் பார்க்கற கம்பெனிகள் அட்டைக்குத் தனி மார்க், கையெழுத்துக்குத் தனி மார்க் போடறாங்க. நம்ம பத்தாங்கிளாஸ் பிராக்டிகல், தியரி மாதிரி.

இந்த ஊர்லயே எனக்கு எதிரா ஒரு பலமான சாட்சி இருக்கு. எட்மண்ட் ஹிலாரி. ஆக்லாந்துக்காரர், எவரெஸ்ட் ஏறினவர். 1992-ல நியூசிலாந்து ரிசர்வ் வங்கி அஞ்சு டாலர் நோட்டுல அவர் படத்தைப் போட்டப்போ மனுஷன் உயிரோட இருந்தார். டெலிபோன் டைரக்டரியில அவர் வீட்டு நம்பர் இருந்துச்சு, யார் வேணா கூப்பிடலாம். ஜனங்க அஞ்சு டாலர் நோட்டை நீட்டுவாங்க, அவரும் தன்னோட படம் போட்ட நோட்டுல கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். 2008 ஜனவரியில அவர் போயிட்டார். அந்த நோட்டை வெச்சிருக்கறவங்க செலவழிக்கவே மாட்டாங்க. நோட்டு மேல கிறுக்கக் கூடாதுன்னு நம்ம ஊர்ல சொல்லிச் சொல்லி வளர்ந்த எனக்கு முதல்ல இது அதிர்ச்சியா இருந்துச்சு. ஆனா யோசிச்சா அங்கே அழிஞ்சது ஒண்ணுமே இல்லை. நோட்டு லட்சக்கணக்குல அச்சானது. கையெழுத்து விழுந்தப்புறம்தான் அந்த ஒரு நோட்டுக்குன்னு ஒரு கதையே வந்துச்சு. ஒரு ஆள் ஹிலாரியைப் பார்த்தான்ங்கற கதை.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் டேவ் கல்லாஹரோட ஜெர்சி. இவரும் நம்ம சட்கிளிஃப் பிறந்த அதே பான்சன்பி பக்கம்தான், பான்சன்பி கிளப்புக்கு ரக்பி ஆடினவர். 1905-ல இங்கிலாந்து போன முதல் 'ஆல் பிளாக்ஸ்' அணியோட கேப்டன். அந்த டூர்ல அவங்க தோத்தது ஒரே ஒரு மேட்ச், டிசம்பர் 16, கார்டிஃப்ல வேல்ஸ்கிட்ட 3-0. பாப் டீன்ஸ் கோட்டைத் தாண்டி வெச்சாரா இல்லையான்னு இன்னிவரைக்கும் இங்கே டீக்கடை வாதம் (டீக்கடைதான் இல்லை). மேட்ச் முடிஞ்சதும் கல்லாஹர் தன்னோட ஜெர்சியைக் கழட்டி வேல்ஸ் கேப்டன் க்வின் நிக்கோல்ஸ்கிட்ட கொடுத்துட்டார். 1917 அக்டோபர்ல பாஷெண்டேல் சண்டையில அவர் செத்தும் போயிட்டார். 2015-ல அந்த ஜெர்சி கார்டிஃப்ல ஏலத்துக்கு வந்து 1,80,000 பவுண்டுக்குப் போச்சு. தோத்துப் போன கேப்டன் தோற்கடிச்ச கேப்டன் கையில கொடுத்தார்ங்கறதுதான் அதோட மதிப்பு. இப்போ யாராவது ஒரு பெரிய ஆல் பிளாக்ஸ் கேப்டனைக் கூப்பிட்டு, ஐயா இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கன்னு மார்க்கர் பேனாவை நீட்டினா எப்படி இருக்கும்? அவரே ஓடிப்போயிடுவார்னு நினைக்கறேன். ஈடன் பார்க் வாசல்ல கல்லாஹருக்குச் சிலை இருக்கு, 2011-ல வெச்சது. போறப்போ வரப்போ பார்ப்பேன்.

என் ரூம்மேட் சொன்ன ரச்சின் யோசனை இந்த ஜாதி. அந்த மேட்ச்சுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நல்ல ஆட்டக்காரர், அவருக்குன்னு தனியா ஒரு பேட்டு வாங்கிக் கையெழுத்து கேட்போம். அதுல எனக்குக் குழப்பமே இல்லை. குழப்பம் எல்லாம் சித்தப்பா யோசனையிலதான். வெங்கட் அங்கே இருந்தவர். படத்துல இருக்கறவர். அவர் கை படறதுக்கு என்னை விட அவருக்குத்தான் உரிமை ஜாஸ்தி.

இதுக்கு நடுவுல எம்.ஜே. கோபாலன் ஞாபகம் வந்தார். நம்ம மக்கள் பல பேருக்கு அவர் பேர் கோப்பைப் பேரா மட்டும்தான் தெரியும், மெட்ராஸும் சிலோனும் மோதின கோபாலன் டிராபி. 1934 நவம்பர் 4, சேப்பாக்கத்துல மைசூருக்கு எதிரா, ரஞ்சி டிராபி சரித்திரத்தோட முதல் பந்தை வீசினவர் அவர்தான். அடுத்த வருஷம் 1935-ல தியான் சந்த் தலைமையில இந்திய ஹாக்கி டீம் நியூசிலாந்துக்கு வந்தப்போ அதுலயும் அவர் இருந்தார். நான் இங்கே மளிகைக்கடை தேடி அலைஞ்ச காலத்துக்குத் தொண்ணூறு வருஷம் முன்னாடி ஒரு திருவல்லிக்கேணிக்காரர் இந்த நாட்டுல ஹாக்கி ஆட வந்துட்டுப் போயிருக்கார்! அதுக்கடுத்த வருஷம் ரெண்டு கப்பல். ஒண்ணு பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு ஹாக்கி டீமோட, இன்னொண்ணு இங்கிலாந்துக்கு கிரிக்கெட் டீமோட. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்துல ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கலை. ஹாக்கி டீம் தங்கத்தோட திரும்பி வந்துச்சு.

கோபாலன் 2003 டிசம்பர்ல சென்னையில காலமானார், தொண்ணூறு தாண்டின வயசுல. இப்போ நினைச்சுப் பாருங்க, யாரோ ஒருத்தர் 1935 ஹாக்கி டீம் படத்தை எடுத்துட்டுப் போய், 1990-ல அவர் கையில கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தா? அதைத் தப்புன்னு என்னால சொல்ல முடியலை. ஐம்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் கிழவர் தன்னோட இளம் முகத்துக்குக் கீழே பேரெழுதறது அதுவே ஒரு சம்பவம். ஆனா ஒரு நிபந்தனை, அது 1990-ல போட்டதுன்னு தெரியணும். பால்பாயின்ட் பேனாவா இருந்தா பேனாவே காட்டிக் கொடுத்துடும். லாஸ்லோ பிரோ அதுக்குக் காப்புரிமை வாங்கினதே 1938-ல, கடைக்கு வந்து பரவினது உலக யுத்தம் முடிஞ்சுதான். 1935 படத்துல பால்பாயின்ட் இருந்தா அது பின்னாடி வந்ததுன்னு எவனும் சொல்லிடுவான். என்னோட சுவனீர்ல அந்தப் பாதுகாப்பு இல்லை. 1965-ல பால்பாயின்டும் இருந்துச்சு, இங்க் பேனாவும் இருந்துச்சு. வெங்கட் இன்னிக்கு நல்ல பேனாவுல போட்டா இன்னும் இருபது வருஷத்துல அது எந்த வருஷக் கையெழுத்துன்னு என் குடும்பத்துலயே யாருக்கும் தெரியாது.

இன்னொரு சங்கடம் பேப்பர். படிக்கறது மெட்டீரியல்ஸ் எஞ்சினியரிங்ங்கறதால இதுல கொஞ்சம் மூக்கை நுழைச்சுக்கறேன். படம் போட்ட பக்கம் வழவழப்பான ஆர்ட் பேப்பர், மேல களிமண் பூச்சு. விளம்பரப் பக்கம் மட்டமான காகிதம், அமிலம் ஏறிப் பழுப்பாகி மடிச்சா உடையுது. மார்க்கர் பேனாவோட இங்க் கரைப்பானோட வர்றதால இந்தப் பேப்பர்ல வருஷப்போக்குல ஓரம் பரவி, பின்பக்கத்துக்கும் ஊறும். பின்பக்கம் யார் தெரியுமா? சட்கிளிஃப். பால்பாயின்ட்னா வழவழப்புல சறுக்கும், அழுத்தினா பக்கத்துல பள்ளம் விழும், வெயில் பட்டா சாயம் மங்கும். அறுபது வருஷப் பேப்பரை மேஜையில வெச்சு யாரோ ஒருத்தரை அழுத்திப் போடச் சொல்றதுக்கே எனக்குப் பயமா இருக்கு. ரீட் அழுத்தினதுல நிப்புதான் வளைஞ்சுது, இப்போ எது வளையும்னு சொல்ல முடியாது.

ஆனா சித்தப்பா சொன்ன ஒரு வார்த்தைக்கு என்கிட்ட பதிலே இல்லை. "ரீட் 2020-ல போயிட்டார். அதே ஆக்லாந்துலதான். நீ அங்கே போறதுக்குள்ள. கேட்க வேண்டியவங்க இருக்கறப்பவே கேட்கணும்டா. உங்க தாத்தா ஒருதரம் கேட்காம விட்டார், நீ ரெண்டாவது தரம் விடாதே."

நிஜம்தான். நான் வந்தப்போ ரெண்டு பேருமே இல்லை. சட்கிளிஃப் 2001-லயே காலம். கையெழுத்தை ஊருக்குக் கூட்டிட்டு வந்தேன்னு பீத்திக்கிட்டேனே, காட்டறதுக்கு இங்கே ஆள் இல்லை. போட்டா அழிக்க முடியாதுங்கறது ஒரு பயம்னா, போடாம விட்டா திரும்பக் கிடைக்காதுங்கறது இன்னொரு பயம். ரெண்டும் சம எடைதான்.

போன சனிக்கிழமை புத்தகத்தை ஸ்கேன் பண்ணி வெச்சுடலாம், எது நடந்தாலும் ஒரு நகல் இருக்கும்னு யூனிவர்சிட்டிக்கு எடுத்துட்டுப் போனேன். ஒவ்வொரு பக்கமா பெரிய அளவுல எடுத்தேன். வெங்கட் படம் வந்துச்சு. ஸ்கிரீன்ல பெருசாக்கிப் பார்க்கறேன், அந்த வெள்ளை இடத்துல என்னவோ சாம்பல் நிறத்துல கோடு. அழுக்குன்னு நினைச்சேன். இன்னும் பெருசாக்கினேன்.

பென்சில் எழுத்து. தாத்தாவோட கிளார்க் கையெழுத்து, பொடிப்பொடியா. "டில்லி. 8–72. 4–80." அதுக்குக் கீழே தேதி, 23-3-65.

எத்தனையோ தடவை புரட்டின புத்தகம். இதை நான் பார்த்ததே இல்லை. வழவழப்பான பேப்பர்ல பென்சில் சரியா பிடிக்காது, வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தாதான் தெரியுது. மேட்ச் முடிஞ்ச மறுநாள், பேப்பர்ல ஸ்கோரைப் பார்த்துட்டு, துறைமுக ஆபீஸ்ல உட்கார்ந்தோ இல்லை ராத்திரி வீட்டுக்கு வந்தோ, எழுதியிருக்கார். ஆக பின்னாடி எதையும் சேர்க்கக் கூடாதுன்னு நான் ஒரு வாரமா கட்டின கோட்டையை தாத்தாவே 1965-லயே இடிச்சு வெச்சிருக்கார். ஆனா எழுதினது பென்சில்ல. தேதியோட. இடத்தை அடைக்காம, ஓரமா. அந்தப் பையனை விட்டுட்டோமேங்கறதைத் தானே ஒத்துக்கிட்ட மாதிரி.

அந்த பென்சில் எழுத்து மேல யாரும் பேனா வைக்கப் போறதில்லை. அது மட்டும் முடிவாயிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி நானே சித்தப்பாவைக் கூப்பிட்டேன். ஸ்கேனை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, பெருசாக்கிப் பாருங்கன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், "அப்பா கையெழுத்துடா இது"ன்னார். அவ்வளவுதான். குரல் வேற மாதிரி இருந்துச்சு.

நான் என் யோசனையைச் சொன்னேன். நல்ல அமிலமில்லாத அட்டை ஒண்ணு இங்கேர்ந்து வாங்கி அனுப்பறேன். வெங்கட் சார் சம்மதிச்சா அதுல கையெழுத்துப் போடட்டும், பக்கத்துலயே அன்னிக்குத் தேதியையும் அவர் கையாலயே போடச் சொல்லுங்க. அட்டையைப் புத்தகத்துல ஒட்டக் கூடாது, அதே உறைக்குள்ள தனியா வெச்சுக்கலாம். முடிஞ்சா புத்தகத்தோட ஸ்கேனை அவர்கிட்ட காட்டுங்க, பென்சில் எழுதின இடத்தையும்.

சித்தப்பா ஒத்துக்கிட்டார்னு சொல்ல முடியாது. "வெறும் அட்டையில கையெழுத்து வாங்கறதுக்கு நான் எதுக்குடா ஒரு பெரிய மனுஷர் வீட்டு வாசல்ல போய் நிக்கணும்"னு கேட்டார். அப்புறம் கொஞ்சம் கழிச்சு, "ரெண்டு அட்டையா அனுப்பு. ஒண்ணு எனக்கு"ன்னார்.

நாளைக்குத்தான் போஸ்ட் ஆபீஸ் போகணும்.